கிரெய்கிபர்ன் வீட்டில் வசிப்பவர்

போன வியாழக்கிழமை காலை நிவேதா போனில் கோல் எடுத்தாள். நான் ஓய்வு பெறும்போது என் மேசையையும் அரைகுறையாகக் கிடந்த என் கோப்புகளையும் பொறுப்பேற்றவள் அவள். மதுரைப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. வழக்கமாக ஏதாவது பழைய சட்டப்பிரிவு பற்றிக் கேட்பாள். இந்த முறை கேட்டது வேறு.

"அங்கிள், ஒரு ஃபைல்ல உங்க கையெழுத்து இருக்கு. மூணு பாக்ஸ்ல முதல் பாக்ஸ்ல ஒரு மார்க் போட்டிருக்கீங்க. அப்புறம் நீங்களே அதை அடிச்சிருக்கீங்க. எதுக்குன்னு எழுதவே இல்லையே."

எந்தக் கோப்பு என்று நான் கேட்கவில்லை. இருபத்தைந்து வருட வேலையில் நான் போட்டு நானே வெட்டிய புள்ளடி ஒன்றே ஒன்றுதான். பின்னேரம் எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு குசினி மேசையில் இருந்து இதை எழுதத் தொடங்கினேன். அவளுக்கு என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெரியும் போலிருந்தது.

மாநில வரி அலுவலகத்தில் வேலை என்றால் எங்கள் ஆட்கள் ஒரு முழம் தள்ளியே நிற்பார்கள். ஒரு கலியாண வீட்டில் ஒருவர் என்னைக் கண்டதும் தன் புது வீட்டுக் கதையைப் பாதியில் விழுங்கியிருக்கிறார். உண்மையில் என் பிரிவில் காசைக் கண்ணால் காண்பதில்லை. இந்த நாட்டில் வருமான வரி கன்பராவுக்குப் போகிறது. மாநிலங்கள் வாங்குவது நில வரி. நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அந்த வரி கிடையாது, மற்ற வீட்டுக்கு உண்டு. கணவன் மனைவி என்றால் இருவருக்கும் சேர்த்து ஒரேயொரு குடியிருப்பு வீடுதான். ஒன்று சிட்னியிலும் மற்றது மெல்பேர்னிலும் இருந்தாலும் சட்டம் விடாது. ஆகவே எங்கள் வேலை ஒரே கேள்வி: நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?

சின்னக் கேள்வி போலத் தெரியும். மன்னாரில் பிறந்து, இரண்டு முகாம்களில் வளர்ந்து, மூன்று நாடு தாண்டி வந்த எனக்கே அதற்கு ஒழுங்கான பதில் தெரியாது. வந்த புதிதில் வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தவர்களுக்கு மொழிபெயர்த்தேன், பிறகு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன், வேலை முடிந்து கணக்கியல் படித்தேன், ஒருமுறை கோட்டை விட்டு மறுமுறை பாஸ் பண்ணினேன். அதையெல்லாம் விரித்தால் எனக்கே அலுக்கும். நாற்பது வயதில் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது என்னை நோரீனின் கீழ் விட்டார்கள்.

நோரீன் ஐரிஷ் வம்சத்துப் பெண், என்னைவிடச் சில வயது மூத்தவர். மெலிந்த உடம்பு, கோடை குளிர் எல்லாவற்றுக்கும் ஒரே மண்ணிற ஸ்வெட்டர். பேனாவால் எழுத மாட்டார், பென்சில்தான். சந்தேகமான வீடுகளை நேரில் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. உள்ளே போனதும் நோரீன் ஒரு கதிரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசாமல் இருப்பார். வீட்டுக்காரர் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாலும் தலையை மட்டும் அசைப்பார். முதல் தடவை எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளியே வந்து ஏன் அப்படி என்று கேட்டேன். ஆட்கள் இல்லாத வீட்டில் இருக்கும்போது தன் காது அடைக்குமாம், ஆட்கள் இருக்கும் வீட்டில் அடைக்காதாம். அதை அறிக்கையில் எழுத முடியாது என்பதால்தான் மற்றதையெல்லாம் பார்க்கிறேன் என்றார்.

மற்றதையெல்லாம் என்பது இவ்வளவுதான். முதலில் சவர்க்காரம். பாவிக்காத சவர்க்காரம் காய்ந்து வெடிக்கும். அடுத்தது முகம் கழுவும் பேசினின் துவாரத்தில் மூக்கை வைத்து மணந்து பார்ப்பது. தண்ணீர் ஓடாத வீட்டில் குழாய் வளைவில் நிற்கிற தண்ணீர் சில கிழமைகளில் வற்றிவிடும், பிறகு சாக்கடை நாற்றம் மேலே வரும். பிறகு பல் பிரஷ், பிறகு குளிர்சாதனப் பெட்டி, கடைசியாக வந்து கிடக்கும் கடிதங்கள். ஒரு பல் வைத்தியர் குயின்ஸ்லாந்தில் இருந்துகொண்டு சிட்னி வீட்டில்தான் வசிக்கிறேன் என்று சத்தியம் பண்ணினார். மேசையில் பழக்கூடை, குளியலறையில் ஈரத் துவாய், எல்லாம் கச்சிதம். பிரஷும் இருந்தது. பற்பசை இல்லை. பல் வைத்தியர் வீட்டில் பற்பசை இல்லை என்று நோரீன் பென்சிலால் எழுதியபோது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்ததை நான் கண்டேன்.

ஜெசிந்தா அக்காவின் கோப்பு வந்தது நான் அந்த வேலையில் நன்றாக ஊறிப்போன பிறகு. அவர் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரவு நேரத் தாதி. யாழ்ப்பாணப் பக்கத்துக் கத்தோலிக்கர், பிள்ளைகள் இல்லை. சிட்னி வீடு அவர் பெயரில். கணவர் அல்போன்ஸ் வேலை செய்த தொழிற்சாலை மெல்பேர்னுக்கு மாறியபோது அவரும் மாறி, கிரெய்கிபர்னில் தன் பெயரில் ஒரு வீடு வாங்கினார். இரண்டு வீட்டுக்கும் வரி விலக்கு போய்க்கொண்டிருந்தது. இரண்டு மாநிலங்களின் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் அது மாட்டுப்பட்டது.

இப்படியான தம்பதிக்கு ஒரு படிவம் அனுப்புவோம். மூன்று பெட்டிகள்: சேர்ந்து வாழ்கிறோம், பிரிந்துவிட்டோம், துணைவர் காலமாகிவிட்டார். அக்கா மூன்றையும் வெறுமையாக விட்டு, கீழே அழகான கையெழுத்தில் என் கணவர் வீட்டில் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார். எந்த வீட்டில் என்று நோரீன் கேட்டார். எங்கள் ஆள்தானே, நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

அங்கேதான் நான் பிழை விட்டேன். விதிப்படி மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் எழுத வேண்டும். ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பகலில் போன் எடுத்து, உங்கள் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டாரா, இல்லை செத்துவிட்டாரா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. எங்களில் யாருக்குத்தான் எழும்? நான் சுகம் விசாரித்தேன், எந்த ஊர் என்று கேட்டேன், பிறகு, "அண்ணை எப்பிடி, வீட்டிலயோ?" என்றேன்.

"ஓம் தம்பி. அவர் வீட்டிலதான்."

அவ்வளவுதான். மற்ற இரண்டு கேள்விகளையும் கேட்டது போல் முதல் பெட்டியில் நானே புள்ளடி போட்டேன். அக்கா வசிப்பது சிட்னியில், இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள், ஆகவே குடும்ப வீடு சிட்னி என்று கோப்பு நகர்ந்துவிட்டது. மற்ற மாநிலத்துக்குத் தகவல் போனது. அங்கிருந்து அல்போன்ஸ் பெயருக்கு கிரெய்கிபர்ன் விலாசத்துக்கு ஒரு கடிதம் போனது: நீங்கள் இந்த வீட்டில் வசிக்கவில்லை என அறிகிறோம்.

ஒரு மாதம் கழித்து மின்சாரப் பதிவுகள் வந்தன. மெல்பேர்னில் வீட்டு மீட்டர்கள் அரை மணிக்கு ஒருமுறை கணக்குச் சொல்லும். அந்த வீட்டில் நாள் முழுவதும் ஒன்றுமில்லை, குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும். பின்னேரம் ஆறு மணிக்கும் ஏழுக்கும் இடையில் மட்டும் ஒரு ஏற்றம். ஒரு சின்ன ஹீட்டர் இழுக்கிற அளவு. நான்கு வருடம், ஒரு நாள் தவறாமல். அப்படியானால் ஆள் அங்கேதானே இருக்கிறார், அக்கா சொன்னது கிரெய்கிபர்ன் வீட்டைத்தானே என்று எனக்கு வேர்த்தது. நோரீன் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தை மாதத்தில், நாற்பது டிகிரி வெயிலில், யார் ஹீட்டர் போடுகிறார் என்று கேட்டார். பிறகு, உயிரோடு இருக்கிற ஆள் ஒரு நாளாவது தவறுவார் என்று சொல்லிவிட்டுத் தாள்களை என் பக்கம் தள்ளினார்.

மற்ற மாநிலத்து அலுவலகத்தின் அனுமதியோடு நாங்கள் இருவரும் ஆனி மாதத்தில் மெல்பேர்ன் போனோம். அக்கா முதல் நாளே பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார். நாங்கள் போனபோது மணி ஐந்து, ஏற்கெனவே இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தப் புது வீதிகளில் எல்லா வீடும் ஒரே அச்சு. அக்கா வெளியே நின்றிருந்தார். தன்னிடம் திறப்பு இருந்தும் முதலில் மணியை அடித்தார். கொஞ்சம் பொறுத்துத்தான் திறந்தார்.

வீடு துப்புரவாக இருந்தது. நோரீன் வழக்கம்போல் ஒரு கதிரையைப் பார்த்து உட்கார்ந்தார். வரவேற்பறையில் இருந்தது அந்த ஒரு கதிரைதான், அதற்கு முன்னால் நிலத்தில் ஒரு சின்ன ஹீட்டர். நான் குளியலறைக்குப் போனேன். சவர்க்காரம் காய்ந்து நாலாக வெடித்திருந்தது. பேசினைக் குனிந்து மணந்தேன், சாக்கடை. பிரஷின் மயிர் முள்ளாகிவிட்டிருந்தது. திரும்பி வந்தபோது திருஇருதயப் படத்துக்குக் கீழே கடிதங்கள் உடைக்காமல் அடுக்கியிருந்தன. எல்லாம் அல்போன்ஸின் பெயருக்கு. மேலே, நாங்கள் கொடுத்த தகவலால் போன அந்தக் கடிதம்.

"அவற்ர கடிதம் நான் உடைக்கிறேல்ல," என்றார் அக்கா. "அது உங்கட ஒஃபிஸ் கடிதமோ தம்பி? என்ன எழுதினியள்?"

வரி பற்றியது அக்கா என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு அவரே சொன்னார். பதினொரு வருடம் அவர்கள் இரண்டு ஊரில் வாழ்ந்திருக்கிறார்கள். அல்போன்ஸ் வேலை முடிந்து ஆறு மணியளவில் வீட்டுக்கு வருவார். அக்கா சரியாக ஆறு பத்துக்கு இரவு வேலைக்கு வெளிக்கிடுவார். அந்த நேரம் கிரெய்கிபர்ன் வீட்டுப் போனுக்கு இரண்டு மணி அடித்து வெட்டுவார், நான் வெளிக்கிட்டேன் என்று அர்த்தம். அல்போன்ஸ் பதிலுக்கு இரண்டு அடித்து வெட்டுவார், நான் வந்துவிட்டேன் என்று அர்த்தம். காசுக்காகத் தொடங்கிய பழக்கம், காசு பெரிதில்லை என்ற காலத்திலும் விடவில்லை. நான்கு வருடத்துக்கு முன், ஒரு ஆனி மாதத்து நாளில் அவருடைய மிஸ்ட் கோல் வந்தது. அடுத்த நாள் வரவில்லை. பொலிஸ் வந்து பார்த்தபோது கார் கராஜில் இருந்தது, கதவு பூட்டியிருந்தது, சாப்பாட்டுப் பை மேசையில் இருந்தது. சப்பாத்து, செருப்பு எல்லாம் வாசலில் இருந்தன. ஆளை மட்டும் காணவில்லை. இன்றுவரை காணவில்லை.

"வெறுங்காலோட போனவர் தம்பி. இந்தக் குளிருக்க. வேலையால வந்தா முதல் அந்தக் கதிரையில இருந்து காலுக்குச் சூடு பிடிச்சாத்தான் மற்ற வேலை."

ஹீட்டரைப் போன் வழியாகப் போடும் ஒரு செருகியை வாங்கிப் பொருத்தியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஆறு பத்துக்கு, வெஸ்ட்மீட் பஸ் தரிப்பில் நின்று, முதலில் இரண்டு மணி அடித்து வெட்டுவார். பிறகு கைப்பேசியில் விரலை வைத்து ஹீட்டரைப் போடுவார். அரை மணியில் நிறுத்துவார். மழையோ வெயிலோ, காய்ச்சலோ.

நான் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"செத்துப்போனார் எண்டு போட எனக்கு ஒண்டும் தெரியாது. விட்டிட்டுப் போட்டார் எண்டு போட்டா அது பொய். சேந்திருக்கிறம் எண்டு போட்டா ஆளைக் காட்டச் சொல்லுவியள். நான் எதுக்குத் தம்பி புள்ளடி போடுறது?"

நோரீனுக்கு மொழிபெயர்த்தேன். அவர் கதிரையில் இருந்தபடியே கேட்டார். மின்சார ஏற்றம் அந்தக் கைப்பேசியால்தான் என்று உறுதிசெய்ய வேண்டும், ஆகவே இன்று மட்டும் ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல் என்றார். அக்கா மறுபேச்சில்லாமல் கைப்பேசியை மேசையில் வைத்துக் கையை மடியில் கட்டிக்கொண்டார். ஆறு பத்து ஆனது. ஹீட்டர் வேலை செய்யவில்லை. நோரீன் தன் மணிக்கூட்டைப் பார்த்துப் பென்சிலால் நேரத்தைக் குறித்தார். எனக்குக் காது அடைத்திருந்தது, விமானத்தில் வந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு பன்னிரண்டுக்கு வீட்டுப் போன் அடித்தது. இரண்டு மணி. நின்றுவிட்டது.

பழைய போன், யார் எடுத்தார்கள் என்று காட்டாது. சாமான் விற்கிறவர்கள் எடுத்திருக்கலாம். பிழையான நம்பராக இருக்கலாம். அதையெல்லாம் நான் அந்த நொடியிலேயே எனக்குச் சொல்லிக்கொண்டேன். என் காது திறந்துகொண்டதையும் கவனித்தேன். அக்கா என்னைப் பார்த்து, வந்திட்டார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். ஹீட்டர் சிவந்தது.

என்ன சொன்னார் என்று நோரீன் கேட்டார். சொன்னேன். நோரீன் உடனே அந்தக் கதிரையிலிருந்து எழுந்தார். ஸ்வெட்டரால் இருக்கையை ஒருமுறை துடைத்தார், இடம்விட்டுத் தள்ளிச் சுவரோடு போய் நின்றார். புறப்படும்போது கதவடியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

விமான நிலையத்தில் காத்திருக்கும்போதுதான் நோரீன் வழி சொன்னார். விலக்குக் கேட்கிறவரிடம்தான் எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்போம். அல்போன்ஸ் பெயரில் அந்த வீட்டுக்கு முழு வரியையும் கட்டிவிட்டால் யாரும் எதுவும் கேட்கத் தேவையில்லை, யாரும் எந்தப் பெட்டியிலும் எதையும் போடத் தேவையில்லை. நான் அக்காவிடம் சொன்னேன். நிம்மதியாக ஓம் என்றார். ஒரு தாதியின் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. கேள்வி கேட்காமல் இருப்பதற்கு நாங்கள் வாங்கிய கூலி அது என்று எனக்கு இன்றும் தோன்றும், வெட்கமாக இருக்கும். கோப்பில் என் புள்ளடியை நானே வெட்டினேன். நோரீன் பக்கத்தில் பென்சிலால் தன் முதலெழுத்தை வைத்தார். காரணம் எழுது என்று சொல்லவில்லை.

நோரீன் அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். எனக்கும் முறை வந்தது. ஜெசிந்தா அக்கா எட்டு மாதத்துக்கு முன்னர், தான் வேலை செய்த அதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவருடைய மருமகள், தம்பியின் மகள், அக்காவின் கைப்பேசியை நிறுத்திவிட்டதாகவும் இரண்டு வீட்டையும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் சொன்னாள். அந்த ஹீட்டரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இவ்வளவையும் எழுதி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. நிவேதாவுக்கு எடுத்தேன். வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள், இன்னும் கணினியின் முன்தான் இருந்தாள். ஏன் இப்போது அந்தக் கோப்பைத் தூக்கினாய் என்று கேட்டேன்.

அக்கா இறந்ததால் கணக்கை முடிக்க வேண்டியிருக்கிறதாம். மின்சாரக் கட்டணம் இன்னும் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிறதாம். இப்போது ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா, எத்தனை பேர் என்பதைக் கணினியே கணித்துச் சொல்கிறது. கிரெய்கிபர்ன் வீட்டில் ஆள் இருப்பதாக அது சொல்கிறதாம். மெல்பேர்ன் அதிகாரி மருமகளிடம் திறப்பு வாங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். பூட்டு உடையவில்லை, சவர்க்காரம் காய்ந்து கிடக்கிறது, பேசினில் நாற்றம். யாரும் இல்லை. ஆனால் தினமும் பின்னேரம் ஆறு பத்துக்கு மின்சாரம் ஏறுகிறது.

"ஏதாச்சும் டைமரா இருக்கும்னு வச்சுக்கலாம் அங்கிள்," என்றாள். "ஆனா முன்னாடி அரை மணி நேரம்தான் ஓடும். அவங்க போனதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஓடுது. அதனாலயோ என்னமோ, சிஸ்டம் முன்னாடி ஒருத்தர்னு காட்டினதை இப்ப ரெண்டு பேர்னு காட்டுது."

அந்த அதிகாரி படம் எடுத்தாரா என்று கேட்டேன். எடுத்திருக்கிறார் என்றாள். வரவேற்பறையில் ஹீட்டருக்கு முன்னால் எத்தனை கதிரை இருக்கிறது, பார்த்துச் சொல் என்றேன். அவள் தேடும் சத்தம் கேட்டது.

"ரெண்டு அங்கிள். பக்கத்துல பக்கத்துல. ஏன்?"

அக்கா கடைசியாகப் போனபோது தானே இழுத்துப் போட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். பிறகு, முதல் பெட்டியில் நான் வெட்டின புள்ளடியைத் திரும்பப் போடு பிள்ளை, சேர்ந்து வாழ்கிறோம் என்ற பெட்டியில், என்றேன். அப்படிப் போட முடியாது அங்கிள், ரெண்டு பேருமே இல்லையே என்றாள். எனக்கும் தெரியும் என்றேன். என் கண் கலங்கியிருந்தது, அவளுக்குத் தெரியாது.

குசினி மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறு ஐந்து. இன்னும் பத்து நிமிடம் லைனில் இரு, எதையாவது பேசு என்று அவளைக் கேட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. ஆறு பத்துக்கு இரண்டு மணி அடிக்க என் போன் சும்மா இருக்கக்கூடாது என்று மட்டும் நினைத்தேன். அவள் மதுரையில் தன் தங்கையின் கலியாணத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.